மாமனாருக்குத் தண்ணீர் மாற்றுதல்

தம்பி,

இன்று காலையும் பச்சை பூத்திருந்தது.

கராஜுக்குள் போய், உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்கு மேலே தட்டில் இருக்கிற ஜாம் போத்தலை எடுத்து, தண்ணீரை வடித்துவிட்டு, அதில் ஊறிய பழைய வெண்கலக் காசை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அரசனின் காதுக்குப் பின்னால் ஊசி முனை அளவு இளம்பச்சைப் பொடி. தொட்டால் மாவாக உதிர்கிறது. நல்ல களிம்பு கரும்பச்சையாக, வழுவழுவென்று, தோல் போலப் படிந்திருக்கும் என்றும், அதுதான் இத்தனை காலம் காசைக் காப்பாற்றியது என்றும் நீர் சொல்வீர். இது மற்றது. ஈரம் பட்டால் விழித்துக்கொண்டு வெண்கலத்தைத் தின்கிற பச்சை. நீர் அதை நோய் என்பீர். நான் எங்கள் யாழ்ப்பாணத்து வழக்கப்படி வருத்தம் என்பேன்.

புதுத் தண்ணீர் விட்டு மூடிவிட்டு வந்து எழுத உட்கார்ந்திருக்கிறேன். இருப்புக் கொள்ளவில்லை. நாளை மத்தியானம் இந்தக் காசை உம்முடைய மனைவியிடம் கொடுக்க வேண்டும். கொடுத்தால் அது உம்முடைய சாம்பலோடு கரூருக்குப் போய் ஆற்றில் விழும். கொடுக்க மாட்டேன் என்று சொல்ல எனக்கு ஒரு உரிமையும் இல்லை. ஆனால் இது சாகக் கூடாது என்று நீர் என்னிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர். நான் யாருடைய சொல்லைக் கேட்பது? உம்மேல் கோபம் கோபமாக வருகிறது. இருந்திருந்தால் போன் போட்டு நாலு வார்த்தை ஏசியிருப்பேன்.

இங்கே ஓக்லாந்தில், மவுண்ட் வெல்லிங்டனில் நான் வேலை செய்கிற கடையில் கார் பற்றரியும் டயரும் மாற்றிக் கொடுப்போம். அங்கே நீர் கிழமை தவறாமல் வந்து, பற்றரிக்கு விடுகிற சுத்தத் தண்ணீரைப் பெரிய பிளாஸ்டிக் கான்களில் வாங்கிக்கொண்டு போனீர். உம்முடையது நல்ல புதுக் கார். தண்ணீர் விடுகிற பற்றரியே அதில் கிடையாது. எனக்குப் பொறுக்கவில்லை. கழுத்தில் தொங்கிய கம்பியூட்டர் கம்பனி அட்டையில் பெயரைப் பார்த்து, தமிழ்தான் என்று பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"என்ன தம்பி, உம்மட காருக்கு என்ன வருத்தம்? இவ்வளவு தண்ணி குடிக்குது?"

நீர் கானைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தீர். "காருக்கு இல்லீங்கண்ணா, ரோமாபுரி ராஜாவுக்கு" என்றீர். பிறகு, "என்னங்க, கூத்துல மந்திரியைக் கூப்பிடறாப்புல 'உம்ம'ங்கறீங்க?" என்று கேட்டீர்.

"எங்கட பக்கத்தில மரியாதையும் உரிமையும் பாதிபாதி இருந்தா 'நீர்' எண்டுதான் கதைக்கிறது. பிடிக்காட்டிச் சொல்லும், 'சேர்' எண்டு கூப்பிடுறன்."

"வேண்டாமுங்க. இதே நல்லா இருக்குது."

அந்தச் சனிக்கிழமையே பக்குரங்காவில் உம்முடைய வீட்டுக் கராஜில் என்னைக் கொண்டுபோய் இருத்திவிட்டீர். மேசையில் ஒரு பை நிறைய மண் உருண்டைகள். ஆட்டுப் புழுக்கையைக் குவித்தது போல இருந்தன. ஐரோப்பாவில் ஏதோ வயல்களில் கிண்டி எடுத்து, கழுவாமல் அப்படியே பை பையாக விற்கிறார்களாம். நீர் இணையத்தில் வாங்கியிருந்தீர். ஒவ்வொரு உருண்டைக்குள்ளும் ஒரு ரோம வெண்கலக் காசு. பொன்னும் வெள்ளியும் பெரிய மனிதர்களின் பெட்டியில் தூங்கியவை, இது சந்தையில் மீனும் எண்ணெயும் வாங்கிய காசு, அதனால்தான் இத்தனை தேய்ந்து கிடக்கிறது, அதனால்தான் எனக்கு இது பிடிக்கிறது என்று சொன்னீர். விசர் பிடித்தவனிடம் மாட்டிக்கொண்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். தேநீர் குடித்து முடிப்பதற்குள் நானும் ஒரு பல்குத்தும் குச்சியோடு குனிந்திருந்தேன்.

ஊற வைப்பது, தண்ணீர் மாற்றுவது, மறுபடி ஊற வைப்பது. மண் விடாவிட்டால் ஒலிவ் எண்ணெயில் மாதக்கணக்கில் போடுவது. பிறகு குச்சி நுனியால் மணல் மணலாகக் கிளறுவது. இதெல்லாம் எனக்குச் சரிவராத வேலை. பற்றரிக் கடையில் நான் ஒரு ஆணியைக் கூட நின்று நிதானமாகக் கழற்றுவதில்லை. நான் குச்சியை அழுத்தும்போதெல்லாம் நீர் தலையை நிமிர்த்தாமலே சொல்வீர்: "அவசரப்பட்டா மூஞ்சி போயிருமுங்க." எனக்கு எரிச்சல் வரும். எழுந்து வெளியே போய் ஒரு சுற்று நடந்துவிட்டு வருவேன். நான் திரும்பி வரும்போது நீர் அதே இடத்தில் அதே காதைக் கிளறிக்கொண்டிருப்பீர்.

வாய் மட்டும் சும்மா இருக்காது. ரோமன் முதலில் யாரிடம் வந்தான் என்று தொடங்கினால் பொழுது போய்விடும். கரூர் ஆற்று மணலைச் சலித்துக் காசு எடுப்பவர்களைப் பள்ளிக்கூடம் போகிற வழியில் நின்று பார்ப்பீராம். "முதல்ல எங்க ஊர்லதானுங்க பொன்னும் வெள்ளியுமாக் கொட்டினான். கையில சில்லறை மட்டும் மிஞ்சினதுக்கப்புறந்தான் இலங்கைக்கு வந்தான். அதான் உங்க ஊர்ல பூராவும் வெண்கலம்."

"ஓம், ஓம். உங்கட மிளகைத் திண்டு வயிறு எரிஞ்சு போய்த்தான் எங்களிட்ட ஓடி வந்தவன்."

ஒருநாள் நீர் இன்னொன்றும் சொன்னீர். அந்தக் காலத்தில் அவர்களும் செத்தவர் வாயில் ஒரு காசை வைத்துத்தான் அனுப்புவார்களாம், ஆற்றைக் கடத்திவிடுகிற படகோட்டிக்குக் கூலியாக. "அவங்க வாயில வெச்சாங்க, நாங்க நெத்தியில வெக்கறோம். படகுக்காரன் ஒருத்தனேதானோ என்னமோ." எங்கள் பக்கத்தில் வாய்க்கரிசி போடுவோம், நெற்றிக்காசு வழக்கம் இல்லை என்றேன். "அப்ப நீங்க நீந்தித்தான் போகணும்" என்று சொல்லிவிட்டு நீர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

இரும், ஒருக்கால் பார்த்துவிட்டு வருகிறேன்.

பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. இவ்வளவு கெதியில் தெரியாது என்று எனக்கே தெரியும்.

இந்தக் காசு அந்தப் பையில் கடைசியாக மிஞ்சியவற்றுள் ஒன்று. மண் விடவே இல்லை. எண்ணெயில் போட்டு, பாப்படோயிட்டோயில் இருக்கிற என் வீட்டுக் கராஜில் வைத்திருந்தேன். மண்ணுக்குள்ளிருந்து மெல்ல மெல்ல ஒரு தாடை, ஒரு மூக்கு, பிறகு புருவத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு கண் வெளியே வந்தது. படம் எடுத்து உமக்கு அனுப்பினேன். அடுத்த நிமிஷம் போன். "அண்ணா, இது எங்க மாமனாருங்க! அப்படியே எங்க மாமனாரு! வீட்ல சொல்லிப்போடாதீங்க." அன்றிலிருந்து அந்த அரசனுக்குப் பெயர் மாமனார்தான். பெயர் எழுதிய ஓரம் தேய்ந்துவிட்டதால் எந்த அரசன் என்று இன்றுவரை நமக்குத் தெரியாது.

அது என் வீட்டில் இருந்ததால்தான் தப்பியது. ஆயுத பூசைக்கு முதல் நாள் உம்முடைய மனைவி குத்துவிளக்கு, மணி, தாம்பாளம் எல்லாவற்றையும் புளி போட்டுத் துலக்கியிருக்கிறா. கராஜில் ஒரு தட்டில் நாம் அதுவரை சுத்தம் செய்த காசுகள் அத்தனையும் கிடந்தன. பாவம், இவ்வளவு களிம்பு பிடித்துக் கிடக்கிறதே, நாளைக்குச் சாமிக்கு முன்னால் இப்படியா வைப்பது என்று அவற்றையும் போட்டுத் தேய்த்துவிட்டா. நீர் வேலையால் வந்தபோது லட்சுமி படத்துக்கு முன்னால், குங்குமப் பொட்டோடு, காசெல்லாம் பொன்னாக மின்னிக்கொண்டிருந்தன. ஒன்றிலும் முகம் இல்லை. எழுத்து இல்லை. சட்டைப் பொத்தான்கள்.

"எப்படி மின்னுது பாருங்க" என்றாவாம். "நல்லா இருக்குது" என்று சொல்லி நீர் கும்பிட்டீராம்.

பிறகு கராஜுக்குள் வந்து எனக்குப் போன் போட்டீர். குரல் இறங்கிப்போய் இருந்தது. "அண்ணா, ஆயிரத்தி அறுநூறு வருசமா மண்ணு திங்காதத, எலுமிச்சம்பழ அளவு புளி தின்னுபோட்டுதுங்க." நான் சத்தம் போட்டேன். ஒரு வார்த்தையாவது ஏசியிருக்க வேண்டாமா என்று கேட்டேன். "அவ ஆசையாத் தேய்ச்சிருக்கறா. ஏசுனா மூஞ்சி திரும்பி வந்துருமுங்களா?" என்றீர். எனக்கு அந்தப் பொறுமை இந்தப் பிறவியில் வராது.

வருத்தம் உமக்கும் வந்தது. வயிற்றில் என்றார்கள், பரவிவிட்டது என்றார்கள், எல்லாம் கெதியில் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கடைசியாக வந்தபோது மாமனாரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். நீர் எனக்கு இரவல் தந்திருந்த பூதக்கண்ணாடி வில்லையைக் கேட்டு வாங்கி, காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர். என் கண்ணுக்குத் தெரியாதது உம்முடைய கண்ணுக்குத் தெரிந்தது. "காதுக்குப் பின்னால பாருங்க. இவருக்கும் வருத்தம் வந்துருச்சுங்கண்ணா" என்றீர். என்னுடைய சொல்லைத்தான் எடுத்துச் சொன்னீர். இந்த ஓக்லாந்து ஈரத்தில் சுவரே பூக்கிறது, காசு பூக்காதா என்று நான் பகிடி விட்டேன். நீர் சிரிக்கவில்லை. "தண்ணியில போட்டு உள்ள ஏறுன உப்பை இறக்குங்க. மாத்தி மாத்தி ஊத்துங்க. அத்தனை வருசம் பொழச்சது, நம்ம கையில வந்து சாகக் கூடாது." ஓம் என்றேன்.

செத்தவீட்டன்று ஏன் அதைத் தண்ணீரில் இருந்து எடுத்துத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன் என்று கேட்காதேயும். உம்மிடம் வரும்போதெல்லாம் கொண்டுவந்த பழக்கம். அங்கே பார்த்தால் உம்முடைய மனைவி சந்தனத்தைக் குழைத்து வைத்துக்கொண்டு எல்லோருடைய முகத்தையும் பார்க்கிறா. "நெத்திக்காசு வெக்கணும். ஆருகிட்டயாச்சும் ஒரு காசு இருக்குதுங்களா?" யாரிடமும் இல்லை. எல்லோரிடமும் கார்டுதான். ஐயருக்குத் தட்சணையே வங்கிக்கு அனுப்புகிற ஊர் இது. உம்முடைய மகன் பொக்கற்றைத் தட்டிப் பார்த்துவிட்டுக் காருக்கு ஓடப் பார்த்தான். அவ என் பக்கம் திரும்பி, "ஏனுங்கண்ணா, உங்ககிட்ட?" என்றா.

என்னிடம் இருந்தது. நான் கொடுத்தேன். அவ பார்க்கக்கூட இல்லை. ஈரச் சந்தனத்தில் வைத்து உம்முடைய நெற்றியில் ஒட்டிவிட்டா. நெற்றியில் மாமனாரோடு நீர் படுத்திருந்தீர், தம்பி. எனக்கு அழுகை வந்த அதே நேரத்தில் சிரிப்பும் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டேன். ஆட்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது.

பெட்டியை மூட முதல், அந்த ஈமச்சடங்கு மண்டபத்தில் வேலை செய்கிற சமோவாப் பெண் காசைப் பக்குவமாக எடுத்து, இது யாரிடம் போக வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஊரில் என்றால் மயானத்தில் வேலை செய்பவர் எடுத்துக்கொள்வாராம். உம்முடைய மனைவி தலையை ஆட்டினா. "அது வீடு சேரக் கூடாதுங்க." நான் கையை நீட்டினேன். என் வீட்டிலும் அதே கதைதான். "செத்தவீட்டுச் சாமானை உள்ளுக்கு கொண்டு வராதேங்கோ" என்று என் மனிசி வாசலிலேயே மறித்துவிட்டா. கொஞ்ச நாள் காரில் சிகரெட் சாம்பல் தட்டுக்குள் கிடந்தது. சந்தன ஈரம், மழை ஈரம். திறந்து பார்த்தபோது காதைச் சுற்றிப் பச்சை பொங்கியிருந்தது. மனிசியிடம் மன்றாடி, கராஜ் வீட்டுக்கு வெளியேதானே என்று சாதித்து, மெஷினுக்கு மேலே இடம் வாங்கினேன். அன்றிலிருந்து தண்ணீர் மாற்றுகிறேன். பொடி போகிறது, வருகிறது. காலையில் எழுந்தால் முகம் கழுவ முதல் அங்கேதான் ஓடுகிறேன்.

நேற்று உம்முடைய மனைவி போன் எடுத்தா. மகன் ஞாயிற்றுக்கிழமை சாம்பலோடு கரூருக்குப் போகிறான். "அந்தக் காசையும் கொண்டாந்து குடுத்துருங்கண்ணா. சாம்பலோட ஆத்துல போட்டுறட்டும். நெனப்பு வந்துட்டே இருக்குது, தூக்கம் வரமாட்டேங்குது." நான் சரி என்றேன். வைத்துவிட்டு, கராஜுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். எங்கேயோ ஒரு நாட்டு வயலில் கிடந்த காசு கரூர் ஆற்றில் விழுந்தால், நாளைக்கு யாராவது மணலைச் சலித்து எடுத்து, ரோமன் வந்ததற்கு இதோ இன்னொரு சாட்சி என்று எழுதுவார்கள். பொய்ச் சாட்சி. உமக்கு அது ஒருநாளும் பொறுக்காது. நாளைக்கு இதைத்தான் சொல்லப் போகிறேன். உண்மையில் எனக்குக் காசைக் கொடுக்க மனமில்லை, அவ்வளவுதான்.

இன்று புதன்கிழமை. பாதியில் விட்டதைத் தொடர்கிறேன்.

சனிக்கிழமை போனேன். நல்ல மழை. போத்தலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உம்முடைய வீட்டு வாசலில் நின்றேன். கூடத்தில் மகனின் பை கட்டிவைத்திருந்தது. பொய்ச் சாட்சிக் கதையைச் சொன்னேன். அவன் சிரித்துவிட்டான். "தட்ஸ் ஸோ அப்பா, அங்கிள்." உம்முடைய மனைவி சிரிக்கவில்லை. "எனக்கு அதெல்லாம் தெரியாதுங்கண்ணா. நெத்திக்காசு வெளிய சுத்தக் கூடாது. குடுத்துருங்க" என்று கையை நீட்டினா.

காசைத் துடைத்து அந்தக் கையில் வைத்தேன். நீர் சாகாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னதை அவவிடம் சொல்லி அழுத்தம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. "ஒருக்கால் பாத்திட்டு அனுப்புங்கோ தங்கச்சி. அவர் கடைசியாப் பாத்தது" என்று மட்டும் சொல்லி, உம்முடைய கண்ணாடி வில்லையைக் கொடுத்தேன்.

ஜன்னலோரம் போய்ப் பார்த்தா. நெடுநேரம் பார்த்தா.

"ஏனுங்கண்ணா… இது எங்கப்பாவாட்டவே இருக்குதுங்களே!"

நானும் அவவுக்குப் பக்கத்தில் ஜன்னலோரம் போனேன்.

"இந்த முறைப்பு! கல்யாணத்தன்னிக்கு மணவறையில அவரை இப்படியேதான் முறைச்சுட்டு நின்னாரு."

என்னால் அடக்க முடியவில்லை, தம்பி. நீர் சொல்லாதே என்றதைச் சொல்லிவிட்டேன். "அவர் இதுக்கு வைச்ச பேரே மாமனார்தான்." அவ என்னைப் பார்த்தா, காசைப் பார்த்தா, பிறகு சிரிக்கத் தொடங்கினா. மகனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே நான் அழுதுவிட்டேன். இத்தனை நாளில் எனக்கு வந்த ஒழுங்கான அழுகை அதுதான்.

சிரிப்பு ஓய்ந்த பிறகு கேட்டா: "அன்னிக்கு நான் புளி போட்டுத் தேய்ச்சேனே, அந்தக் காசுலயும் இப்படி மூஞ்சி இருந்துச்சுங்களா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஓம் தங்கச்சி. இருந்தது."

"அவரு கும்பிட்டப்பவே எனக்குப் பட்டுதுங்க. நல்லா இருக்குதுன்னாரு. கண்ணு அப்படிச் சொல்லல. நானும் கேக்கல, அவரும் சொல்லல."

மகன் பையைத் திறந்து, "அம்மா, உள்ள வைக்கவா?" என்றான். அவ விரல்களை மூடிக்கொண்டா.

"வேண்டாங் கண்ணு. நீ அப்பாவை மட்டும் கொண்டுபோ."

"தங்கச்சி, வீடு சேரக் கூடாது எண்டீங்களே" என்றேன்.

"கூடாதுதானுங்க. வெச்சா வீட்டுக்கு ஆகாதும்பாங்க." கையை விரித்து மறுபடி ஒருமுறை பார்த்தா. "இனி எனக்கு என்னங்கண்ணா ஆகப் போகுது?"

அவ என்னையே வைத்துக்கொள்ளச் சொல்லுவா என்று ஒரு நப்பாசை மனதில் இருந்தது. அது போனது. போனது எனக்கு வலித்தது, மறைக்கவில்லை. ஆனால் அவ நேரே அடுப்படிக்குப் போய் ஒரு கண்ணாடித் தம்ளரைக் கழுவிக்கொண்டு வந்து, "எப்படி ஊற வெக்கறதுன்னு சொல்லுங்க" என்று கேட்டா. சொன்னேன். குழாய்த் தண்ணீர் ஆகாது, பற்றரித் தண்ணீர்தான். கலங்கினால் மாற்ற வேண்டும். பொடி நின்ற பிறகு நன்றாகக் காயவைத்து மெழுகு பூசலாம். "புளி மட்டும் வேண்டாம்" என்றேன். "போங்கண்ணா!" என்று கையை ஓங்கினா.

அன்றிலிருந்து என் கராஜில் அந்தத் தட்டு வெறுமையாக இருக்கிறது. காலையில் எழுந்து கால் தன்பாட்டில் அங்கே போகிறது. போய் நின்று மெஷினைப் பார்த்துவிட்டு வருகிறேன். மனிசி இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தா. மூன்றாம் நாள், "என்னப்பா, உடுப்புத் தோய்க்கப் போறீங்களோ?" என்று கேட்டா.

எழுதிக்கொண்டிருக்கும்போதே போன். உம்முடைய மனைவிதான்.

"அண்ணா, காதுக்குப் பின்னால வெளிறுன பச்சையா என்னமோ தெரியுதுங்க. பூத்துருச்சுங்களா, இல்ல வெளிச்சத்துக்கு அப்படித் தெரியுதான்னு புரியல. காலையில இருந்து எடுத்து எடுத்துப் பாக்கறேன்."

"எடுத்து எடுத்துப் பாக்காதேங்கோ. கிளறியும் போடாதேங்கோ. அவசரப்பட்டா முகம் போயிடும்" என்றேன். என் வாயிலிருந்து அது வந்ததைக் கேட்டு நானே திகைத்துப் போனேன். "இருங்கோ தங்கச்சி, வாறன்."

சாவியை எடுத்துக்கொண்டு திரும்பினால், மனிசி பற்றரித் தண்ணீர்க் கானை வாசலில் கொண்டுவந்து வைத்திருக்கிறா. "இதையும் கொண்டு போங்கோ. தண்ணிக்கு அவ எங்க போறது?"

கான் கனக்கிறது. நீர் இதைத் தூக்கிக்கொண்டு கடையை விட்டுப் போகும்போது பின்னால் நின்று சிரித்தவன் நான். மிச்சத்தை வந்து எழுத நேரம் கிடைக்குமோ தெரியாது, தம்பி. உம்முடைய மாமனாருக்குத் தண்ணீர் மாற்ற வேண்டும்.